தூங்கும் கேப்டனை எழுப்பு

கண்ணு,

நீ போட்டோ எடுக்கக் கோயமுத்தூருக்குப் போயிருக்கிறாய். ஸ்கூட்டரில் போயிருக்கலாம். சாவி உன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருந்தது, அப்பா மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நீ அறை வாசலில் நின்றாய், ஒரு காலை உள்ளே வைத்தாய், எடுத்தாய், பிறகு செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போய் இந்த வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தாய். நான் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் பின்னாலேயே ஓடி வந்து உன் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது. அதற்குப் பதிலாகத்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் "சரிங்கம்மா" என்பாய். உன் "சரிங்கம்மா"வை வைத்துக்கொண்டு ஒரு வெங்காயம்கூட உரிக்க முடியாது. ஆகவே இதை நீ ரயிலில் உட்கார்ந்து, பதில் சொல்ல ஆளில்லாமல், முழுவதும் படிக்க வேண்டும்.

கடலைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்பாய். ராமேஸ்வரத்தில் ஒரு தடவை முழங்கால் வரை நனைந்திருக்கிறேன், அவ்வளவுதான். இந்தச் சோமனூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தறிச் சத்தம்தான். நீ கப்பலுக்குப் போகிறேன் என்றபோது ஒறம்பரை சொந்தபந்தத்தில் பாதிப் பேர், "கப்பல்ல என்ன வேலைங்க, சமையலுங்களா?" என்றுதான் விசாரித்தார்கள். ஆனால் நீ பரீட்சைக்குப் படிக்க வீட்டில் வந்து தங்கியிருந்தாயே, அப்போது மொட்டை மாடியில் நீ நடந்துகொண்டே ஒப்பிக்க, புத்தகத்தைக் கையில் வைத்துச் சரிபார்த்தது யார்? நான் படித்த பி.யு.சி. இங்கிலீஷுக்கு அது போதும். நீ ஒரு வார்த்தை விட்டாலும் "மறுபடியும் சொல்லு" என்பேன். கேட்டுக் கேட்டு உனக்கு வந்ததோ இல்லையோ, எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. தீப்பெட்டிகளைக் கப்பலாக வைத்து அடுப்படித் தரையில் நீ ஓட்டிக் காட்டியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதனால் இன்றைக்குப் பரீட்சை வைப்பது நான்.

முதல் பாடம், கண்ணையும் காதையும் திறந்து வைத்திரு. உன் புத்தகத்தில் அது கிட்டத்தட்ட ஆரம்பத்திலேயே வந்தது, இதைச் சொல்ல ஒரு புத்தகமா என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ராடார் இருக்கிறது, வானத்திலிருந்து இடம் சொல்லும் புதுப் பெட்டி வந்திருக்கிறது, அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பவன் ஜன்னலுக்கு வெளியே பார்க்க மறந்துவிடுகிறான் என்றாய். மழை பெய்தால் ராடார் திரை முழுக்கப் பொரி இறைத்தமாதிரி புள்ளி புள்ளியாகிவிடும், அதற்குள் ஒரு படகு இருந்தாலும் தெரியாது என்றாய். அப்படியானால் எல்லாவற்றையும் பார், எதையும் தனியாக நம்பாதே. நீ இருக்கும் இடத்தைப் பெட்டி சொன்னால், கலங்கரை விளக்கத்தைக் காம்பஸில் பார்த்து மறுபடி சரிபார். கடலின் ஆழம் வரைபடத்தில் போட்டிருக்கிறபடி இருக்கிறதா என்று பார். மூன்றும் ஒத்துப்போனால் நிம்மதி, ஒன்று முரண்டு பிடித்தால் அதை ஒதுக்கிவிடாமல் ஏன் என்று கேள். உனக்கு வெள்ளகோவிலில் பெண் பார்க்கிறோமே, தரகர் சொன்னதை மட்டும் கேட்டா தலையாட்டினோம்? அந்தத் தெருக் கடைக்காரரைக் கேட்டோம், பெண்ணின் பள்ளிக்கூட வாத்தியாரம்மாவைக் கேட்டோம், கடைசியில் நானே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு பெண்ணுக்கே அவ்வளவு விசாரிக்கிறபோது ஒரு கப்பலுக்கு விசாரிக்க வேண்டாமா.

இரண்டாவது பாடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எதிரில் ஒரு கப்பல் வந்தால் அதைக் காம்பஸில் வைத்துப் பார்க்க வேண்டும், சற்றுப் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். அது தெரியும் திசை மாறிக்கொண்டே போனால் பயமில்லை, அது தன் வழியில் போய்விடும். திசை மாறாமல் கப்பல் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் அது உன்மேல் மோதத்தான் வருகிறது. நீ சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு ஒருநாள் அவிநாசி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் காட்டுச் சாலையில் ஒரு டிராக்டர் வந்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பி ஒன்றுக்கு நேராக வைத்துப் பார்த்தேன். பஸ் ஓடுகிறது, டிராக்டரும் ஓடுகிறது, ஆனால் அது அந்தக் கம்பியை விட்டு நகரவே இல்லை. "இது நம்ம பஸ்ஸு மேல வருதுங்க" என்று பக்கத்தில் இருந்த அம்மாவிடம் சொன்னேன். அந்தம்மா என்னை ஒருமாதிரி பார்த்தார். இரண்டு சாலையும் சேரும் முக்கில் டிரைவர் போட்ட பிரேக்கில் அவருடைய கூடைத் தக்காளியெல்லாம் உருண்டோடியது. அன்றிலிருந்து உன் புத்தகத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை.

மூன்றாவது, குறுக்கே வரும் கப்பல் உனக்கு வலது பக்கம் இருந்தால் விலக வேண்டியது நீ. அதன் முன்னால் பாயக் கூடாது, பின்பக்கமாகப் போக வேண்டும். விலகுவதை நேரத்தோடு விலக வேண்டும், பெரிதாக விலக வேண்டும், எதிர்க் கப்பல்காரனுக்குப் பார்த்ததும் "இவன் வழிவிட்டுவிட்டான்" என்று தெரிய வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் அவனுக்கு ஒன்றும் புரியாது. வெளியே கண் தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறை, ஊதலைப் போடு, காது கொடுத்துக் கேள். இதெல்லாம் உன்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாய். நீ சொன்னதைக் கேட்டுத்தானே பரீட்சையில் பாஸ் போட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்த நீதான் இந்தத் தடவை வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாய். கேட்டால் "ஒண்ணுமில்லீங்கம்மா." நானும் விட்டுவிட்டேன். சின்ன வெங்காயம் உரிக்கையில் நீயே வந்து எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். நீ சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன், தப்பாக இருந்தால் திருத்து. துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது கேப்டன் ராத்திரி முழுக்க மேலே நின்றிருந்தார். காலையில் கப்பலை உன் பொறுப்பில் விட்டுவிட்டுப் படுக்கப் போனார். "சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட உத்தரவு உன் கண்முன்னாலேயே மாட்டியிருந்தது. வலது பக்கம் ஒரு சரக்குக் கப்பல் வந்தது. காம்பஸில் பார்த்தாய், திசை மாறவில்லை. மறுபடி பார்த்தாய், மாறவில்லை. கூப்பிடலாமா என்று போன் வரைக்கும் கை போனது. அதற்கு முந்தின முறை நீ ஒரு கப்பலுக்காகக் கூப்பிட்டு, அவர் ஓடி வந்து பார்க்க, அது ஒன்றுமில்லாமல் தள்ளிப் போய்விட்டதாம். "இதுக்கா என்னை எழுப்பினாய், உனக்குப் பள்ளிக்கூடத்தில் என்னதான் சொல்லிக்கொடுத்தார்கள்" என்று சுக்கான் பிடிக்கிறவர் எதிரிலேயே கேட்டாராம். அந்த வார்த்தை உன் காதில் அப்படியே நின்றுவிட்டது. கையை எடுத்துவிட்டாய்.

பிறகு கப்பலைக் கொஞ்சம் திருப்பினாய். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று காத்திருந்தாய். மறுபடி கொஞ்சம் திருப்பினாய். பந்தியில் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு இடிக்காமல் இஞ்சு இஞ்சாக நகர்வோமே, அதுபோல. எதிர்க் கப்பல்காரனுக்கு நீ நகர்ந்ததே தெரிந்திருக்காது. அதற்குள் மழை வந்து அவனை மறைத்துவிட்டது. ராடாரில் பொரி. உன் ஊதலையும் போடவில்லை, ஏனென்றால் ஊதல் போட்டால் கேப்டன் எழுந்துவிடுவார். இதைச் சொல்லும்போது நீ உரித்துக்கொண்டிருந்த வெங்காயம் மொத்தமும் தோலோடு போய்விட்டது, ஒன்றுமே மிஞ்சவில்லை. கடைசியில் எதிர்க் கப்பலின் ஊதல் சத்தத்தில் அவரே எழுந்து, பனியனோடு ஓடி வந்து, சுக்கானை முழுக்க வலது பக்கம் திருப்பச் சொன்னார். அந்தக் கப்பல் உன் இடது பக்கமாக உரசாத குறையாகப் போயிற்று. அதன் மேல்தட்டில் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒருவன் டம்ளரோடு நின்றிருந்தான், அவன் மீசை தெரிந்தது என்றாய்.

கேப்டன் கத்தவில்லை. "ஏன் என்னைக் கூப்பிடவில்லை?" என்று மட்டும் கேட்டார். நீ சொன்ன பதில், "நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள், சார்."

இதைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன், உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை கண்ணு. அந்தப் பதிலில் உன் அப்பா தெரிந்தார், அவருடைய அப்பா தெரிந்தார், நம் ஊரே தெரிந்தது. நாய்க்குக்கூட "அக்கட்டால போங்க" என்கிற மனுசன் பெற்ற பிள்ளை நீ. தூங்குகிறவரை எழுப்புவது பாவம், சாப்பிடுகிறவரைக் கூப்பிடுவது தப்பு, பெரியவர் தப்பாகச் சொன்னாலும் "நீங்க சொன்னாச் சரிங்க" என்பதுதான் வளர்ப்பு. மற்ற ஊர்க்காரர்கள் நம்மைப் பார்த்து எவ்வளவு மரியாதை என்கிறார்கள். எனக்கும் அதில் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நீ சொன்ன கதையில் அந்த மரியாதை இரண்டு கப்பல் ஆட்களைக் கடலுக்கு அடியில் கொண்டுபோய் வைக்கப் பார்த்தது. சிரித்து முடித்த பிறகு எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. அரிவாள்மனையைக் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டேன்.

அந்தக் கேப்டன் உன்னைப் பற்றி ஆபீசுக்கு மோசமாக எழுதவில்லை. அதனால் இப்போது வேறு கப்பலுக்கு உத்தரவு வந்திருக்கிறது. உனக்குப் போகவும் மனசில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பீளமேட்டில் பம்பு கம்பெனி வைத்திருக்கும் அப்பாவின் சிநேகிதர் வேலை தருகிறேன் என்கிறார். வெள்ளகோவில்காரர்களுக்கும் அதுதான் இஷ்டம். "கடலுங்கறது பயமாத்தானுங்க இருக்குது, மாப்பிள்ளை கரையிலயே இருந்தா நல்லா இருக்கும்" என்று பெண்ணின் அம்மா என்னிடம் சொன்னபோது, ஆமாங்க என்று சொல்ல என் நாக்கும் துடித்தது. எந்த அம்மாவுக்குத்தான் துடிக்காது. நீ இங்கேயே இருந்தால் தினமும் ராத்திரிச் சோறு உன்னோடு. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை, உன் மனசு எனக்குத் தெரியும். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தவனைப் பம்புக்குப் பெயிண்ட் அடிக்கிற இடத்தில் உட்கார வைத்தால் எத்தனை நாளைக்கு இருப்பாய். அதனால் போ என்றும் இரு என்றும் நான் சொல்லப்போவதில்லை. கூப்பிடாதவனாகப் போகாதே என்று மட்டும் சொல்கிறேன்.

கூப்பிடுவது ஏன் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் கூப்பிட்டவள். வால்பாறைக்குப் போய்வந்தோமே, உனக்கு அப்போது பத்து வயதிருக்கும். உன் அத்தை வீட்டுக்காரர், பொள்ளாச்சி மாமா, அம்பாசடர் கார் வாங்கின புதிது. எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்த அவருடைய சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. கறிவிருந்தை ஒரு பிடி பிடித்துவிட்டு மதியமே மலை இறங்கினோம். மாமா ஓட்டினார், முன்னால் நீயும் அப்பாவும், பின்னால் நானும் அத்தையும். மழைத் தூறல், பனி, கொண்டை ஊசி வளைவு ஒன்றன் பின் ஒன்றாக வருகிறது. முன்னால் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் மாமாவின் முகம் எனக்குத் தெரிந்தது. கண் மூடியது, திறந்தது, மூடியது. நான் உன் அப்பாவின் தோளில் குத்தினேன். அவருக்கும் தெரிந்திருந்தது. என்ன செய்தார் தெரியுமா? "மச்சானுங்க, வெத்தலை போடறீங்களா?" என்றார். மாமா வேண்டாம் என்றார். அடுத்த வளைவில், "ஆழியாத்துல எறங்கிச் சித்த காப்பி குடிச்சுட்டுப் போலாமுங்களா?" என்றார். ஆழியாறு இன்னும் எத்தனையோ வளைவுக்குக் கீழே இருக்கிறது. வீட்டு மாப்பிள்ளையிடம் "நீங்கள் தூங்குகிறீர்கள்" என்று எப்படிச் சொல்வது. மலையிலிருந்து விழுந்தாலும் விழலாம், அதை மட்டும் சொல்லக் கூடாது.

நான் சொன்னேன். "அண்ணா, வண்டிய நிறுத்துங்க. நீங்க தூங்கறீங்க." நான் போட்ட சத்தத்தில் நீ அழுதுவிட்டாய். மாமா பிரேக்கைப் போட்டார், வண்டி வழுக்கிக்கொண்டு போய் ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. ஒன்றும் ஆகவில்லை. மாமா இறங்கி முகத்தைக் கழுவினார், ஏறினார், பொள்ளாச்சி வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினார். அதோடு சரி, நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. "நான் கண்ணச் சுருக்கிப் பனியப் பார்த்துட்டு இருந்தேன், அவ தூங்கறேன்னு நடுரோட்டுல அவமானப்படுத்திப்போட்டா" என்று எல்லாரிடமும் சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். ஏன் நம்பமாட்டார்கள், ஒன்றும் ஆகவில்லையே. வண்டி உருண்டிருந்தால் நான் சொன்னது சரி என்றாகியிருக்கும். உருளாததால் நான் வாயாடி ஆனேன். உன் கேப்டன் முதல் தடவை ஓடி வந்து திட்டினாரே, அதுவும் இதே கணக்குத்தான்.

இதற்கு மேல்தான் நான் உன்னிடம் சொல்லாதது இருக்கிறது. உன் சித்தப்பா கல்யாணம் வந்தது. நம் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் வந்து உட்காராமல் இணைச்சீர்ச் சடங்கு நடக்காது, இணைச்சீர் நடக்காமல் தாலிக்குப் போக முடியாது. கூடப்பிறந்தவள் உன் அத்தை ஒருத்திதான். "அவ மன்னிப்புக் கேட்டாத்தான் நாங்க வருவோம்" என்று பொள்ளாச்சியிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். உன் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ பண்ணுனது தப்பில்ல அம்மணி, ஆனாக் கேட்டுரு" என்றார். கேட்டேன். பந்தல்காலுக்குப் பக்கத்தில், இத்தனை பேர் பார்க்க, "நான் அவசரப்பட்டுட்டனுங்கண்ணா, உங்களுக்குத் தெரியாததுங்களா" என்றேன். நீ என் பக்கத்தில் கோலி சோடாவோடு நின்றுகொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்ததும் கேட்டாய், "ஏம்மா, மாமா நெசமாலுமே தூங்கினாருல்ல?" நான் சொன்னேன், "பெரியவங்களப் பத்தி அப்படியெல்லாம் பேசக் கூடாது கண்ணு." மொட்டை மாடியில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பிறகுதான். அதற்கு முன்னாலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

உன் அப்பாவிடமும் சண்டை போட்டேன், கேட்டுக்கொள். தறியில் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நிற்கிறது. சில சமயம் நூல் அறாமலேயே நின்றுவிடும். அதற்காக அவர் தறியைத் திட்டிப் பார்த்திருக்கிறாயா? "சும்மா நின்னா ரெண்டு நிமிசந்தான் போகும், நிக்காம ஓடுனாத் துணியே போச்சு" என்பார், ஆட்களிடம் இதைச் சொல்லாத நாளில்லை. "தறிக்கு இருக்கற தைரியம் உங்களுக்கும் இல்ல, உங்க பையனுக்கும் இல்லீங்களே" என்றேன். வழக்கம்போல, "நீ சொன்னாச் சரிதான்" என்றார். ஆனால் அன்று சாயங்காலம் தறிக்கூடத்தில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அவரை ரொம்பத் திட்டாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேற்று கோயிலுக்குப் போகிறேன் என்றேனே, பொய். பொள்ளாச்சிக்குப் போனேன். மாமா இப்போது கார் ஓட்டுவதில்லை, கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, கறுப்புக் கண்ணாடியோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். அத்தை காப்பி போட உள்ளே போனாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணா, சின்னவர் கல்யாணத்துல உங்ககிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டேன் இல்லீங்களா. அதைத் திருப்பி வாங்கிட்டுப் போலாமுன்னு வந்தனுங்க."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடி மறைத்துவிட்டது. "இத்தன வருசங் கழிச்சா?" என்றார்.

"பையன் கப்பலுக்குப் போறானுங்க. போறதுக்குள்ள வேணுமுங்க." என்று உன் கதையைச் சொன்னேன். நீ போனில் கை வைத்துவிட்டு எடுத்ததையும், கேப்டனிடம் சொன்ன பதிலையும் சொன்னேன். 

பிறகு மாமா சொன்னார், "நான் தூங்கிட்டேன் அம்மணி. நீ சத்தம் போட்டுக் கண்ண முழிச்சப்ப முன்னால ரோடு இல்ல. வெறும் பனிதான் இருந்துச்சு. அது எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"எனக்கும் தெரியுமுங்க."

"தெரிஞ்சுதான் மன்னிப்புக் கேட்டயா?"

"ஆமாங்க."

"அப்ப நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் பையனக் கெடுத்திருக்கறோம்" என்றார். காப்பி வந்தது, குடித்தோம். கிளம்பும்போது வாசல் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "அவன்கிட்டச் சொல்லு. எந்தக் கேப்டனா இருந்தாலும் என்னையாட்டத்தான் இருப்பான். எழுப்புனா வெடுக்குன்னு விழுவான். விழுகட்டும். உள்ளுக்குள்ள அவனுக்குத் தெரியும், வாயால சொல்ல மாட்டான். இவன் அதுக்காகக் காத்துட்டு இருக்கக் கூடாது." பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் அழுதுகொண்டு வந்தேன், ஏன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மாமா சொன்னதையும் சேர்த்துக்கொண்டு நான் சொல்வது இதுதான். கூப்பிடலாமா என்று எப்போது தோன்றுகிறதோ அப்போதே கூப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது. அது இரண்டாவது முறை யோசிக்கிற விஷயம் இல்லை. "சார், கொஞ்சம் வர முடியுங்களா" என்று இழுக்காதே. வலது பக்கம் கப்பல், திசை மாறவில்லை, மழை வருகிறது, மேலே வாருங்கள் என்று சொல். அவர் வரும் வரைக்கும் கப்பல் உன்னுடையது, நேரத்தோடு பெரிதாகத் திருப்பு, வேகத்தைக் குறை, ஊதலைப் போடு, யார் எழுந்தாலும் எழட்டும். அவர் வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று திட்டினால் வாங்கிக்கொள். திட்டு வாங்கினவன் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். மறுநாள் மறுபடி கூப்பிட வேண்டி வந்தால் மறுபடி கூப்பிடு. மற்ற நேரத்தில் எல்லாருக்கும் ஆயிரம் "ங்க" போட்டுக்கொள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

போன தடவை நீ கிளம்பினபோது எனக்குக் காய்ச்சல். விடிகாலையில் கண் அயர்ந்துவிட்டேன். "அம்மா தூங்கறாங்க, எழுப்ப வேண்டாமுங்கப்பா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு நீ போய்விட்டாய். எழுந்து பார்த்தால் உன் கட்டில் காலி. எட்டு மாதம் உன் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். நல்ல பிள்ளை என்று ஊரே மெச்சியது. எனக்கு மட்டும்தான் தெரியும், அந்த எட்டு மாதமும் எப்படி இருந்தது என்று.

நாளை மறுநாளும் ரயிலைப் பிடிக்க விடிகாலை பஸ்தான். அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவர் என்னை எழுப்பமாட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பேன், கண்ணை மூடிக்கொண்டிருப்பேன், குறட்டைகூட விடுவேன். இந்தக் கடிதம் என் தலையணைக்கு அடியில் இருக்கும். நீ செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினால், நான் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்து உன் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். பீளமேட்டுக்காரருக்கு அன்றைக்கே போன் போட்டுவிடுவேன். இது மிரட்டல் இல்லை, என்னை உனக்குத் தெரியும். தோளைத் தொட்டு எழுப்பினால், முதலில் வெடுக்கென்று நாலு வார்த்தை திட்டுவேன், பிறகு இதைத் தருவேன்.

அதனால் இதை நீ ரயிலில் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், என்னை எழுப்பிவிட்டாய் என்று அர்த்தம். கேப்டனையும் அப்படியே எழுப்பு.

அம்மா